கழன்று வராத சென்சார்

அன்னவாசலில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தார். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் மெல்லியது. அவருடைய பழைய காரில் இன்ஜின் சென்சார் கெட்டுப்போய் வண்டி கிளம்பவில்லை. புது சென்சாரை வாங்கி வைத்துக்கொண்டு, பழையதைக் கழற்ற வாசலிலேயே நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். எதைத் தொட்டாலும் முதலில் கைலியில் துடைப்பார்.

அன்று என்னைக் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் இங்கிட்டு வாங்க. கை உள்ள மாட்டிக்கிருச்சு. போன் அடிக்குது, காதுல வைங்க."

வைத்தேன். விசா எடுத்துக் கொடுத்த மச்சான், டிக்கெட் போடவா என்று கேட்டார்.

"எப்புடி மச்சான்? சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயி பயணம் சொல்லாம எப்புடிக் கெளம்புறது? வண்டி இப்புடிக் கெடக்கு. சென்சாரு வரமாட்டேங்குது."

போன் வைத்ததும் நான் ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தேன். "கையில ஊத்தவா?"

"வேணாம் சார்" என்று கையைச் சுலபமாக வெளியே எடுத்தார். உள்ளங்கையில் பழைய சென்சார் இருந்தது.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். சென்சாரைக் கைலியில் துடைத்தார். மறுபடி இன்ஜினுக்குள் விட்டு நன்றாக முடுக்கினார்.

"வீட்ல கேட்டா, இன்னும் வரலன்னு சொல்லுங்க சார்."

அன்றிலிருந்து, எப்போது பயணம் என்று அவரை யாராவது கேட்டால் எனக்குத்தான் எரிச்சல் வருகிறது.