மூன்று பேணித் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், நவம்பர் ஏழாந் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியற்காலையில் தொடங்கிய தூறல் விட்டபாடில்லை. எங்கள் பகுதிக் குடும்பநல மாது, அதாவது வீடுவீடாக வரும் அரசாங்க மருத்துவிச்சி, ஸ்கூட்டரை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு விறாந்தையில் ஏறினார். சண்டிலிப்பாயில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். மேசையில் இருந்த சின்ன மூக்குப்பேணிதான், அந்த மூக்கு வைத்த குவளைதான், முதலில் அவர் கண்ணில் பட்டது. "என்ன மாஸ்ரர், இது கோயில் தீர்த்தமோ?" என்று கேட்டார்.

தீர்த்தம் அல்ல, என் மகளுக்குரிய காலைத் தண்ணீர். அவள் பிள்ளை பெற்று அன்று ஒன்பதாம் நாள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை. மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைப்பெற்ற வீட்டைப் பார்க்க நான் ஒருவன்தான். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு எதையும் எண்ணாவிட்டால் நிம்மதி இல்லை. மகள் கர்ப்பமாக இருந்தபோது, பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நாளுக்கு நான்கு குங்குமப்பூ இழைகளை எண்ணிப் பாலில் போட்டேன். பேத்தி என் நிறத்திலேயே பிறந்தாள். அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதி அப்படியே நின்றுவிடும், உள்புண் ஆறாது என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். மகளைப் பெற்றபோது என் மனைவிக்கும் நாளுக்கு மூன்று பேணிதான் கொடுத்தோம். அந்தப் பேணி நூற்றைம்பது மில்லிலீற்றர் கொள்ளும், அளந்தே பார்த்திருக்கிறேன். மகளுக்கும் அதே பேணி, அதே மூன்று. ஒவ்வொன்றுக்கும் கலண்டரில் ஒரு கோடு.

மிஸ்ஸி கலண்டரில் இருந்த கோடுகளைப் பார்த்தார். பிள்ளையைத் தராசில் வைத்தார். பிறந்த நிறையிலும் இருநூற்றெழுபது கிராம் குறைவு. அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"மாஸ்ரர், நேற்றுப் பிள்ளை எத்தினை தரம் நனைச்சது?"

நான் கலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"தாய் குடிச்சதுக்குக் கோடு போட்டிருக்கிறியள். பிள்ளை பெய்ததுக்குக் கோடு எங்கை?"

"மூண்டு தரம், மிஸ்ஸி. அதுவும் கடும் மஞ்சளா. எனக்கும் ஒரே தலையிடி," என்றாள் மகள்.

"ஆறு தரமாவது நனைக்க வேணும். தாய் இப்பிடிக் காஞ்சு கிடந்தால் பிள்ளைக்கு என்னெண்டு குடுக்கிறது?"

"அப்ப வயிறு?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"தண்ணியாலை வயிறு வைக்காது. அது தன்ரை பாட்டிலை இறங்கும், கொஞ்ச மாதம் செல்லும். அது சரி, உங்கடை வயிறு ஆரைப் பெத்து வந்தது?"

மகள் ஒன்பது நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளையைப் பிடிக்கும் விதமும் பிழை என்று மிஸ்ஸி பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுத்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "தாகம் எடுக்கிற நேரமெல்லாம் குடிக்கட்டும். பேணியை விடுங்கோ, நனைஞ்ச துணியை எண்ணுங்கோ. நாளையிண்டைக்கு வருவன். நிறை ஏறாட்டில் ஆஸ்பத்திரிதான்."

மகள் அந்தப் பேணியைக் குடித்தாள். இன்னும் கேட்டாள். எண்ணக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்; பேணியில் ஊற்றும் சத்தத்தைக் காது எண்ணியது. நான்கு.

அப்போதுதான், மகளைப் பெற்ற நாட்களைப் பற்றி மனைவி ஒருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. "குளிக்க வாக்கிற வேப்பிலைத் தண்ணியிலை ரெண்டு கை அள்ளிக் குடிச்சிடுவன். உங்களுக்கு எங்கை தெரியும்!" பகிடி என்றே நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் மகளுக்குக் குளிக்க அவித்த தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அந்தக் கசப்பை என்னால் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமைக் காலை கொடியில் ஏழு துணி காய்ந்தது. மிஸ்ஸி வந்து நிறுத்தார். அறுபது கிராம் ஏற்றம். "இனிப் பயமில்லை, மாஸ்ரர்" என்றார். நான் தராசை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. மூக்குப்பேணி அவளிடம்தான் இருக்கிறது. அதால் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், எத்தனை தரம் என்று நான் கேட்பதில்லை. பேணி இருந்த இடத்தில் மூடி போட்ட இரண்டு லீற்றர் ஜக் ஒன்று இருக்கிறது. அந்த வியாழக்கிழமை பின்னேரம், தூறலோடு தூறலாக மருதனார்மடம் சந்திக்குச் சைக்கிளில் போய் வாங்கியது. எழுநூற்றெண்பது ரூபாய். விலை குறைத்துக் கேட்கவில்லை.