சுவிட்ச் இல்லாத பித்தளைத் தகடு

எங்கள் திருத்தங்கல் வீட்டின் நடு அறை வாசலில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பித்தளைத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. சுவிட்ச் போர்டுக்கு மூடியாகப் போடுகிற தகடுதான். ஆனால் அதில் சுவிட்ச் கிடையாது, ஓட்டையும் கிடையாது. வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, காலிங்பெல்லா என்று கேட்பார்கள். ஆமாம், ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் வந்தவருக்குக் காப்பி ஆறிவிடும். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடாது.

அது அண்ணன் கேட்டு வைத்தது. அண்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மதினிக்கும் அங்கேதான் வேலை. ஒரு தீபாவளி சீசனில் அறை வெடித்து மதினி போய்விட்டார். வெளியே நின்றிருந்த அண்ணனுக்கு ஒரு காது மட்டும் மந்தமானது. அதன்பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. சாத்தூரில் அக்கா வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் தனியே கிடந்தார். யாராவது படியேறி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவரை எப்படியாவது எங்களோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இடிந்து கிடந்த அப்பா வீட்டை எடுத்துக் கட்டினேன். பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கிறவனுக்கு இது ஆகாத வேலை என்று ஊரே சொன்னது. சொன்னவர்களுக்கு என்ன, எனக்கு இருந்தது ஒரே அண்ணன்.

மின்சாமான் வாங்கப் போன அன்று அவரை வம்பாக இழுத்துக்கொண்டு போனேன். வழவழப்பான தட்டை சுவிட்ச்சுகள் சிவகாசிக் கடைகளுக்கு வரத் தொடங்கிய வருடங்கள் அவை. பழைய வீட்டுக்குப் பழைய கருப்புக் குமிழ் சுவிட்ச்தான் எடுப்பு என்பது என் ஆசை. கடைக்காரர் இரண்டு வகையையும் மேசையில் பரப்பினார். அண்ணன் ஒவ்வொன்றாகச் சோதனைப் பலகையில் மாட்டச் சொல்லி, நல்ல காதை ஒட்டிவைத்துப் போட்டு அணைத்தார். பிறகு உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்து இடுக்கில் எட்டிப் பார்த்தார். கருப்புக் குமிழுக்குள் நீலமாக ஒரு பொறி தெறித்தது. "இது வேண்டாம்," என்றார். பல மாதங்களில் அவர் தானாக வாய் திறந்தது அதுதான். என் ஆசையைக் குப்பையில் போட்டேன். எல்லா சுவிட்ச்சும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார், சரி என்றேன். கடைசியாக அந்த வெறும் தகட்டை எடுத்து வைத்தார்.

அந்தத் தகட்டிலிருந்து மண்ணுக்கு ஒரு எர்த் கம்பி இழுக்கச் சொன்னதும் வயரிங் செய்தவர் சிரித்துவிட்டார். "சுவிட்ச்சே இல்லாத பிளேட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி எர்த்து?"

"கைய வச்சுட்டு உள்ள போகத்தான்," என்றார் அண்ணன்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். கோயில் படியைத் தொட்டுக்கொள்கிற மாதிரி அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது பழகிப்போன காரியம். அதை வீட்டிலும் வைத்தால் பைத்தியம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், ஆள் வந்து சேர்ந்தால் போதும் என்று நினைத்தேன்.

பால் காய்ச்சிய அன்று பெட்டியோடு வந்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. தகட்டில் கை வைத்துவிட்டு நடு அறைக்குள் போய் உட்கார்ந்தார். என் பிள்ளைகளும் பெரியப்பாவைப் பார்த்து விளையாட்டாகக் கை வைத்துக் கை வைத்து உள்ளே ஓடினார்கள். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. அப்போது என் மனைவி காப்பித் தட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடி வாசலைத் தாண்டப் போனாள்.

"தாயி, நில்லு."

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கினார். சுடுகாப்பி அவர் கையெல்லாம் கொட்டியது, அவர் அதைக் கவனிக்கவேயில்லை. "கைய வையி," என்றார். அவள் வைத்தாள். பிள்ளைகள் அழுதார்கள்.

கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். அப்போதுதான் சொன்னார்: "அன்னைக்கு உங்க மதினி பட்டாசுக் குழாய் அடுக்குன தட்டோட மருந்து அறை வாசல்ல நின்னா. இதக் கொஞ்சம் பிடிங்க, கை வச்சுட்டுப் போறேன்னா. லாரி நிக்குது, லோடு ஏறணும், அப்படியே உள்ள போன்னுட்டேன்."

வெடித்ததற்கு அதுதான் காரணம் என்று விசாரிக்க வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை; மருந்து உரசியது என்றுதான் சொன்னார்கள். நான் அதை எடுத்துச் சொன்னேன். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியை எடுத்தார்.

பஸ் நிறுத்தம் வரை கெஞ்சிக்கொண்டே போனேன். வெட்கத்தைவிட்டு அழவும் செய்தேன். சாத்தூர் பஸ் வந்ததும் என் தோளில் கை வைத்தார்.

"ஏலே, நீ நல்லாத்தான் கட்டியிருக்க. ஆனா வீடுன்னா, எல்லாரும் ரெண்டு கையிலயும் எதையாச்சும் தூக்கிக்கிட்டுத்தான் வாராக. நான் எம்புட்டுப் பேர நிறுத்துவேன்?"