ஆள் ஏறாத பதினேழு

புள்ளியம்மா என்ற பெயரை அவளுக்கு வைத்தது அலுவலகம்தான். அரசுப் பேருந்துத் துறையில் புள்ளிவிவரப் பிரிவு அவளுடையது. எந்த வழித்தடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த நிறுத்தத்தில் ஈ காக்கை கூட இறங்குவதில்லை என்றெல்லாம் கூட்டிக் கழித்து, கடைசியில் இரண்டு வரி குறிப்பு எழுதி மேலே அனுப்புவது வேலை. கணக்கில் அவளை யாராலும் அசைக்க முடியாது. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்ணில் உறுத்திவிடும். கல்யாணமான புதிதில் இந்தப் பெயரைக் கேட்டுப் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டியவர். தொற்று நோய்க்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளை குட்டி கிடையாது. ஆனால் அப்போது அலுவலகமே வீட்டுக்கு வந்திருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசையைப் போட்டு, கணினியை வைத்து, ஒரு கண்ணால் கணக்கையும் இன்னொரு கண்ணால் அவரையும் பார்த்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினால் போதும், எழுந்து போய்த் தோளைக் கொடுப்பாள். இரண்டு பேருமாகக் கழிவறை வரை போய்த் திரும்புவார்கள். ஊருக்கெல்லாம் அது கெட்ட காலம். வெளியே சொல்லக் கூடாது, புள்ளியம்மாவுக்கு அதுதான் நல்ல காலம்.

தொற்று போன பிறகும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது கொஞ்ச நாள் தொடர்ந்தது. அப்புறம் மேலே யாருக்கோ காலி நாற்காலிகளைப் பார்த்து மனசு கேட்கவில்லை போலும். அரசு ஊழியர்கள் எல்லோரும் தினமும் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும், வாசலில் கைரேகை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே இன்னொரு உத்தரவு: எந்தப் பகுதியில் இருப்பவர்கள் எந்தப் பேருந்தில், எந்த ரயிலில் வரலாம் என்று ஒரு கையேடு போட வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும்? பேருந்துத் துறையின் தலையில். அங்கே யார் தலையில்? புள்ளியம்மா தலையில்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதையும் தயாரித்தாள். பகுதி பகுதியாக எழுதிக்கொண்டு வந்து, தங்கள் பகுதி வந்ததும் கை நின்றது.

"என்ன யோசனை? நம்ம பதினேழுல போயிடலாமே," என்றார் அவர். பதினேழாம் எண் பேருந்து அவர்கள் தெருமுனையில் ஏற்றி அலுவலக வாசலில் இறக்கிவிடும். அவள் அத்தனை வருடம் போய் வந்தது அதில்தான்.

"பதினேழு இப்ப இல்லீங்க. எடுத்துட்டாங்க."

"அட, யாரு எடுத்தா?"

"நாங்கதான்."

போன வருடம் எல்லா வழித்தடங்களையும் கணக்கெடுத்தார்கள். பதினேழு காலையில் ஓட்டுநரையும் நடத்துநரையும் மட்டும் சுமந்துகொண்டு காற்றாடிக்கொண்டு போனது. 'பயன்பாடு இல்லை, நிறுத்தலாம்' என்று குறிப்பு எழுதினாள். எண்ணிக்கையில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பேருந்தில் ஏறுபவர்கள் எல்லோரும் அரசு அலுவலகத்துக்காரர்கள், எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. பிரிவில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அந்தக் கணக்கைப் போட்டார்கள். படித்தவர்கள்!

அவருக்கு விஷயம் புரிந்ததும் பாதி வாயால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பஸ்ல ஏன் ஆளைக் காணோம்னு, அதுல ஏற வேண்டிய ஆளே வீட்ல உக்காந்து கணக்குப் போட்டிருக்கு! புள்ளியம்மா, உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது!" இருமல் வரும் வரை சிரித்தார். அவளும் சிரித்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது சிரிக்கிற விஷயம் இல்லை என்பது வேலைக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதலில் வேன், பிறகு ரயில், பிறகு இன்னொரு பேருந்து, அதற்கப்புறம் நடை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வந்தாள். ஆறரைக்கு அவள் கிளம்பியாக வேண்டும். ராத்திரிக்கு வேறொரு வீட்டில் வேறொரு நோயாளி. பதினேழு இருந்திருந்தால் ஆறரைக்குள் வீட்டு வாசலை மிதித்துவிடலாம். இப்போது எட்டு ஆகிறது. நடுவில் அந்த ஒன்றரை மணி நேரம் அவர் தனியாக இருக்க வேண்டும்.

"கொஞ்சம் இருந்து போயேன்மா," என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"எனக்கும் அந்த வீட்ல ஆள் காத்துக்கிட்டு இருக்குக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவளுக்கும் வயிறு இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கென்று வேறு ஆள் தேடினாள். அந்த நேரத்துக்கு மட்டும் வர யாரும் தயாராக இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் கதவைத் திறந்தால், கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் அவர் தரையில் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தரை நல்லாத்தான் இருக்கு, சும்மா படுத்துப் பார்த்தேன்," என்றார். பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போகலாம் என்றாள். இடது கையால் சமாளிக்க முடியாமல் ஒருமுறை கொட்டிவிட்டதிலிருந்து அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். பெரியவர்களுக்கான டயப்பர் பேச்சை எடுத்தபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. அதற்கு அப்புறம் அவர் விழவே இல்லை. எட்டு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தால், கட்டிலில் காய்ந்த வேட்டியோடு சிரித்துக்கொண்டு படுத்திருப்பார். அப்பாடா என்று அவளுக்கு உயிர் வரும். எப்படி முடிகிறது என்று அவள் கேட்கவில்லை. எல்லாக் கணக்கையும் குடைகிறவள் அந்த ஒன்றைக் குடையவில்லை.

அலுவலகத்தில் பிரிவுத் தலைவரிடம் போய், தினமும் கொஞ்சம் முன்னால் விடச் சொல்லிக் கேட்டாள்.

"உங்களுக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்மா. என் கையில ஒண்ணுமில்ல, மெஷின் காட்டிக் கொடுத்துடும்," என்றார். கெட்ட மனிதர் இல்லை. "அதுக்குப் பதிலா பதினேழைத் திரும்ப விடச் சொல்லி எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

எழுதினாள். ஒரு வழித்தடத்தைத் திரும்ப விட வேண்டுமென்றால் அந்த நிறுத்தங்களில் ஆள் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். ஆட்கள் போய் நின்று பார்த்தார்கள். வராத பேருந்துக்காக எந்தப் பைத்தியம் போய் நிற்கும்? பயணிகள் எவருமில்லை என்று அறிக்கை அவள் மேசைக்கே வந்தது. அதன் மேல் அவள் இப்படிக் குறிப்பு எழுதினாள்: 'பேருந்து வராததால் யாரும் நிற்கவில்லை. முன்பு எடுத்த கணக்கு, பயணிகள் வீட்டில் இருந்த காலத்தில் எடுத்தது. அதை எழுதியதும் நான்தான்.'

பிரிவுத் தலைவர் படித்துவிட்டுப் பின்னிரண்டு வரிகளையும் அடித்தார். "கோப்புல சொந்தக் கதை எதுக்கும்மா? துறை தப்புப் பண்ணிடுச்சுன்னு நாமளே எழுதிக் கொடுக்கலாமா?"

மிச்சமிருந்த ஒரே வரியோடு கோப்பு மேலே போய், 'தேவை எழவில்லை' என்று திரும்பி வந்தது. அன்றைக்கு ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சிரிக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அச்சக எந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். சிறுநீரில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். ரொம்பச் சின்ன வயசுப் பெண்.

"இவர் பல மாசமா தண்ணியே சரியாக் குடிக்கல போலிருக்கே. வீட்ல யாரும்மா பாத்துக்கிறது?"

"நான்தான்," என்றாள்.

மறுநாள் பார்க்க வந்த அக்கா வராந்தாவிலேயே உடைந்துவிட்டாள். "அய்யா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா. தண்ணி மத்தியானச் சாப்பாட்டோட சரி. அதுக்கு மேல நாக்கை நனைக்கிறதோட நிறுத்திக்குவாரு. நான் எவ்வளவோ சொன்னேன். 'அவ வர்றதுக்குள்ள அவசரமா வந்துட்டா நான் என்ன பண்ணுவேன், விடு'ன்னாரு."

கொஞ்சம் தெளிவு வந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ வேலைய விட்டுடுவே," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூணு வண்டி மாறி நாயா ஓடி வர்றே. வந்ததும் வராததுமா என் தரையத் தொடைக்க விடணுமா?" என்றார். அந்த வாரத்தை அவர் தாண்டவில்லை.

துக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய சில நாளில், ரயிலில் கூட்டம் தாங்கவில்லை என்று பெரிய இடத்துக்குப் புகார் போய், நிறுத்திய வழித்தடங்களையெல்லாம் திரும்ப விடச் சொல்லி ஒரே வரியில் ஆணை வந்தது. யாரும் நிறுத்தத்தில் போய் நிற்கவில்லை. யாரும் ஒரு தலையைக்கூட எண்ணவில்லை.

சாயங்காலம் அலுவலக வாசலில் பதினேழு நின்றது. ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயர் வாங்கிய பக்கத்து மேசைக்காரர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "புள்ளியம்மா, ஏறுங்க ஏறுங்க! உங்களுக்கும் சேத்து இடம் போட்டுட்டேன்!" ஏறினாள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். தெருமுனையில் இறங்கியபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. அக்கா வழக்கமாகச் செருப்பை மாட்டுகிற நேரம்.

வீட்டைத் திறந்து, பையைக் கூடக் கீழே வைக்காமல், அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் என்று பிரிவுத் தலைவரிடமும் அக்காவிடமும் எத்தனை முறை சொல்லியிருப்பாள், கணக்காக, புள்ளி பிசகாமல். ஜன்னல் மெல்ல இருண்டது. வெளியே யாரோ நடந்து போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. காலடி கடந்து போகும். கழிவறைக் கதவு நாலெட்டுத் தூரத்தில்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் ஆகியிருந்தது.