அடுப்படிச் சுவரும் மூன்று மாதமும்

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வீடு முடியாமல் கலியாணம் இல்லை. குருக்கள்மடத்தில் என் வீட்டுக்குக் கூரை ஏறி, அடுப்படி மட்டும் பாக்கியாக இருந்த நேரம், என் மாமா மகன் சவூதியில் இரண்டு வருடம் உழைத்துவிட்டு வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் எங்களுக்குக் கலியாணம்.

வந்த மூன்றாம் நாள், கிணற்றடியில் என்னிடம் ஒன்றைச் சொன்னார். சண்டையால் பாதை பூட்டியிருந்ததில் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் ஒரு கிழமை கிடந்தாராம். கூட இருந்தவர்கள் கூட்டிப்போக, ஒரு பெண்ணிடம் போனாராம். ஒரே ஒரு தடவை. ஆணுறை போடவில்லை. எய்ட்ஸ் வந்திருக்குமோ என்று அன்றிலிருந்து நித்திரை இல்லை, சொல்லாமல் தாலி கட்ட மனம் வரவில்லை என்றார்.

வந்த கோபத்தில் கையிலிருந்த வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். அவரையே இறங்கி எடுக்கவைத்தேன். நனைந்துபோய் மேலே வந்தவரைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மற்றப் பாதியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது எடுப்பேன்.

"அழுதது காணும் மச்சான். நாளைக்கு டொக்டரிட்டப் போவம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் நடுவயதுப் பெண் டொக்டர். என்ன நடந்தது என்று நேராகக் கேட்டார். இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எது நடந்தது என்று தெரியாமல் எவ்வளவு ஆபத்து என்று தன்னால் சொல்ல முடியாது என்ற டொக்டர், சோறு கறி கதைப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டிப்பிடிப்பது, முத்தம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி, நுளம்புக்கடி, இவற்றால் ஒன்றும் வராது. கையால் செய்வதிலும் பயமில்லை. வாயால் என்றால் ஆபத்து மிகக் குறைவு. ஆணுறை இல்லாமல் உடலுறவு கொண்டால் ஆபத்து உண்மையானது, ஆனால் ஒவ்வொரு தடவையும் தொற்றும் என்றில்லை. பின்வழி என்றால் அதைவிடக் கூடுதல். ஆளின் தோற்றத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதில் ஒன்றையும் எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

இரத்தம் கொடுத்தால் நாளைக்கே தெரிந்துவிடும் என்று இவர் நினைத்திருந்தார். டொக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

"இண்டைக்கு எடுத்தா உங்கட பழைய கதையத்தான் இரத்தம் சொல்லும் தம்பி. அந்த நாளில இருந்து மூண்டு மாதம் போகட்டும். மறுகா வந்து எடுங்க. அதுவரைக்கும் ஆணுறை இல்லாம ஒண்டும் வேண்டாம்."

இப்போதைய பரிசோதனைகள் இன்னும் முந்தியே காட்டுமாம். மூன்று நாளுக்குள் போனால் தடுக்க மருந்துகூட உண்டாம். எங்களுக்கு அன்று இருந்தது மூன்று மாதம்தான். ஊருக்கு என்ன சொல்வது?

அப்போது சீமெந்து வாங்க ஆமிக் காம்பில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும். அது எங்களுக்குப் பெரிய உதவியாகப் போனது. சீமெந்து இல்லை, அடுப்படி முடியவில்லை, கலியாணம் தள்ளிப்போகிறது என்று எல்லோருக்கும் சொன்னோம், எல்லோரும் நம்பினார்கள். இரண்டு மாதம் நிம்மதி. பிறகு அந்தச் சாட்டும் கெட்டது: அப்பா எங்கேயோ அலைந்து பத்து மூட்டையோடு வந்து நின்றார்.

வேறு வழியில்லாமல் மேசனோடு சண்டை பிடித்தேன். ஜன்னல் பிழை, சுவரை உடை என்றேன். கட்டிய சுவரை மறுபடியும் உடைக்கவைத்தேன். இரண்டாம் முறை மேசன் கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அப்பா என்னோடு கதைப்பதை விட்டார். இந்த வாய்க்காரியை எவன் கட்டுவான் என்று மாமியே கேட்டாவாம். இவர் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று துடித்தார். விடவில்லை. பேசாமல் கல் சுமக்கச் சொன்னேன், சுமந்தார்.

மூன்று மாதம் முடிந்து இவர் இரத்தம் கொடுக்க உள்ளே போனபோது டொக்டரிடம் தனியாகக் கேட்டேன்: இருக்கிறது என்று வந்தால்? எனக்குப் பயமாக இருந்தது, மறைக்கவில்லை. அப்படி வந்தாலும் ஒன்றாக வாழலாம், ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக ஆணுறை போட வேண்டும் என்று சொல்லி, ஒரு பெட்டியைக் கையில் தந்தார். அம்மா கண்ணில் படாமல் வைக்க வீட்டில் இடமில்லை. கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

மறுகிழமை முடிவு எடுக்கப் போனோம். செக்பொயின்ரில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரன் என் பைக்குள் கையை விட்டு அந்தப் பெட்டியை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்ப வைத்தான்.

இவர் கிட்ட வந்தார். "ஏன் இது? முடிவு இன்னும் தெரியாதே" என்றார்.

"தெரியாதுதான். எது வந்தாலும் வரட்டும் எண்டு நேத்து மேசனக் கூப்பிட்டுச் சுவர முடிக்கச் சொல்லிற்றன்."

வரிசையில் நின்று அழுத மனிதனைப் பார்த்த ஆமிக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவருடைய பையை மட்டும் மறுபடியும் கொட்டிப் பார்த்தான்.

தொற்று இல்லை என்றது கடிதம். ஜன்னலைக் கண்டபடி மாற்றியதில் எங்கள் அடுப்படியில் இன்றுவரை புகை போகாது. அதனால் சமைப்பது அவர்தான்.