சம்பந்தி, என் செருப்பு மிதக்குது

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்தி வரவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று சிலர் விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கார் தண்ணீரில் மூழ்கிவிட்டது. அவ்வளவுதான்.

என் கார் இல்லை. அதுதான் பிரச்சினையே… சம்பந்தியின் கார்.

என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெயர் பத்மாவதி. அடையாறில் வீடு. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அதற்குப் பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு கார் வாங்கி, கணவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுகிறவர். எனக்கு அவரை முதல் நாளிலிருந்தே பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, பேசுவது வேறு.

நாங்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வோம் தெரியுமா?

"காபி எடுத்துக்கோங்க சம்பந்தி."

"நீங்க மொதல்ல எடுத்துக்கோங்க சம்பந்தி."

"இல்லல்ல… நீங்க."

காபி ஆறிவிடும். பெண்ணைக் கொடுத்தவள் நான். எங்கே வாயைத் திறக்கலாம், எங்கே திறக்கக்கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே எனக்கு வகுப்பு எடுத்துவிட்டார்கள். எடுத்தவள் என் மகள்தான்.

தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்க வேண்டும். "அவனுக்கு எது பிடிக்கும்னு எனக்குத்தான் தெரியும். நானே வந்து உங்களை தி. நகர் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி" என்றார். சொன்னபடி மயிலாப்பூர் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தார். அதுவரை அவர் அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை. பிடிக்கவில்லையோ என்று எனக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதி.

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் தி. நகரில் வேட்டி எடுப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தோம். வெளியே வந்தால் மழை. சாதாரண மழை இல்லை… எதிரே இருக்கும் கடையின் போர்டு தெரியாத மழை.

"அடுத்து எங்க சம்பந்தி?" என்றார், பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு.

"மேற்கு மாம்பலத்துல என் டெய்லர்கிட்ட பிளவுஸ் வாங்கணும். அவர் சீக்கிரமே கடையைப் பூட்டிடுவார்" என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான்.

மேற்கு மாம்பலம் போக ரயில் பாதைக்கு அடியில் ஒரு சப்வேயைத் தாண்ட வேண்டும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். இந்த ஊரில் இது செய்தியே இல்லை. நாங்கள் போய் நின்றபோது ஒரு பஸ் உள்ளே இறங்கி, இரண்டு பக்கமும் அலை அடித்தபடி அந்தப் பக்கம் ஏறிவிட்டது.

"பஸ் போயிடுச்சு" என்றார் சம்பந்தி.

"ஆமா, போயிடுச்சு" என்றேன்.

பஸ்ஸின் உயரம் வேறு, நம் காரின் உயரம் வேறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சம்பந்தி ஆசையாக வாங்கிய காரை அவர் முகத்துக்கு நேரே குட்டை என்று எப்படிச் சொல்வது?

"மழை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குல்ல சம்பந்தி?" என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

"ஆமா சம்பந்தி. இந்த வருஷம் கிணத்துல தண்ணி ஊறும்."

கார் இறங்கியது.

சரிவின் அடியில் எஞ்சின் ஒருமுறை இருமியது. நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சமர்த்தாக ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டார்கள். சம்பந்தி சாவியைத் தொடவில்லை. "மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது சம்பந்தி. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும், க்ளெய்ம் கெடைக்காது" என்றார். பார்த்த வேலை எங்கே விடும்?

சரி, மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்கு முறுக்கு பிடிக்குமா, தட்டை பிடிக்குமா என்று பேசினோம். தட்டை என்று முடிவான நேரத்தில் என் பாதம் ஜில்லென்றது. குனிந்து பார்த்தேன். தண்ணீர்.

சொல்லலாமா? விருந்துக்குப் போன வீட்டில் 'உங்கள் கூரை ஒழுகுகிறது' என்று சொல்வது போல இருக்காதா? காலைத் தூக்கி சீட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டேன். தட்டையில் கடலைப்பருப்பு அதிகம் போடலாமா என்று கேட்டேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இனி மறைக்க முடியாது என்று ஆனபோது சொன்னேன்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. என் செருப்பு மிதக்குது."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கும்தான் சம்பந்தி. நீங்க பயப்படுவீங்களேன்னு சொல்லல."

அப்போது கார் நகர்ந்தது. எஞ்சின் ஓடவில்லை. யாரும் தள்ளவில்லை. லேசாக மேலே எழும்பி, ஆடி, பக்கவாட்டில் மிதந்து போய் இடது பக்கச் சுவரில் இடித்து நின்றது. அந்தச் சுவருக்கு மேல்தான் நடந்து போகிறவர்களுக்கான நடைபாதை. அதன் விளிம்பு என் ஜன்னல் உயரத்துக்கு இருந்தது.

உண்மையான பயம் என்னவென்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. என் பக்கக் கதவு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சம்பந்தி தன் பக்கக் கதவைத் தோளால் இடித்தார். வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தியது. அசையவில்லை. ஜன்னல் பட்டனை அமுக்கினேன். கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியது. பிறகு அதற்கும் உயிர் போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது.

"சம்பந்தி, உங்க வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பினாரே… கார் தண்ணில மாட்டினா எப்படி வெளிய வரதுன்னு?" என்றேன்.

அவர் கணவர் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குத் தினமும் காலையில் உபயோகமான வீடியோக்கள் அனுப்புவார்.

"நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?"

"நானும் பாக்கல. கை கூப்புற பொம்மை போட்டேன்."

ஆனால் அதன் முகப்புப் படம் ஞாபகம் இருந்தது. ஒருவர் கார் சீட்டின் மேலே தலை சாய்த்துக்கொள்ளும் திண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். அந்தத் திண்டுக்கு அடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, என் திண்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. எங்கேயோ ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கியபடி இரண்டு கையாலும் இழுத்தேன். வந்தது.

கம்பியால் கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீருக்கா, புது கார் கண்ணாடிக்கா, தெரியவில்லை. இன்னொரு அடி. ஒன்றும் ஆகவில்லை. பிறகு கம்பியின் முனையைக் கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடுக்கில் சொருகி, என் முழு எடையையும் போட்டு நெம்பினேன். டாக்டர் குறைக்கச் சொன்ன எடை. நல்லவேளை, குறைக்கவில்லை.

கண்ணாடி கல்கண்டு மாதிரி உதிர்ந்தது. அதோடு தண்ணீரும் உள்ளே சரிந்தது.

இப்போது யார் முதலில் வெளியே போவது?

"நீங்க போங்க சம்பந்தி" என்றார்.

"நீங்க மொதல்ல போங்க சம்பந்தி" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் அம்மாவை மூழ்கும் காரில் விட்டுவிட்டு நான் முன்னால் ஏறி வந்தால், நாளைக்கு எத்தனை கல்யாணத்தில் அதைக் கேட்க வேண்டியிருக்கும்? ஆனால் ஜன்னல் என் பக்கம். நான் நகர்ந்தால்தான் அவர் நகர முடியும். இது தெரிந்தும், இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாம்மா, உள்ள குந்திக்கினு இன்னா பேசிக்கினு கீறீங்க?" என்று தலைக்கு மேலே ஒரு குரல் வெடித்தது. "யாராச்சும் ஒர்த்தி வெளிய வாங்கம்மா!"

நடைபாதையில் ஒரு அம்மாள், மீன் விற்று முடித்த காலி அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே குனிந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். பெயர் மேரி என்று பிறகு தெரிந்தது. பட்டினப்பாக்கத்துக்காரர். என் அக்குளைப் பிடித்து இழுத்தார். முட்டியும் முழங்கையும் உரசி, கம்பிகளுக்கு நடுவே புகுந்து, நடைபாதையில் குப்புற விழுந்தேன்.

திரும்பிப் பார்த்தால் சம்பந்தி என் சீட்டுக்கு நகர்ந்து வந்து பாதியில் நின்றுவிட்டார். காரின் முன்பக்கம் கீழே சரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அவர் கழுத்தில்.

"முந்தானை எங்கயோ மாட்டிக்கிச்சு" என்றார். இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வத்சலா… நீ போயிடும்மா. பசங்களைப் பாத்துக்கோ."

அதுவரை அவர் என் பெயரைச் சொன்னதே கிடையாது.

"அடியே பத்மா!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். "உளறாத! கையக் குடுடி!"

"கத்தி கீது, இந்தா!" என்று மேரி கூடையிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்து என் கையில் திணித்தார். என் கால்களைத் தன் மடியோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். "வுட மாட்டேன், நீ எறங்கு. யேசுவே… யேசுவே…"

நான் தலைகீழாக மறுபடியும் அந்த ஜன்னலுக்குள் போனேன். இடது கையால் பத்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்ணீருக்குள் முந்தானையைத் தேடி அறுத்தேன். நல்ல பட்டு சுலபத்தில் அறுபடாது. கடைக்காரர் சத்தியமாகத்தான் சொல்லியிருக்கிறார். கார் இன்னும் ஒருமுறை சரிந்தது. பத்மாவின் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தது. நான் என்னென்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மேரிக்கு நினைவிருக்கிறது. அச்சில் ஏற்ற முடியாது என்கிறார்.

பட்டு அறுந்தது. கத்தி கையிலிருந்து நழுவியது. மேரி என்னை இழுக்க, நான் பத்மாவை இழுக்க, மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவராக நடைபாதையில் விழுந்தோம். பத்மா இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மேரி தன் தோளில் இருந்த துண்டை அவர் மேல் போர்த்திவிட்டு, "கத்தி போச்சே" என்றார்.

சப்வேயின் வாயில் நின்றுகொண்டு சிலர் வீடியோ எடுத்தார்கள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அது எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. 'மழையில் அனைவரும் கவனம்' என்று எழுதி அனுப்பியிருந்தவர் பத்மாவின் கணவர். அவரும் வீடியோக்களை முழுதாகப் பார்ப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்து காரை எடுத்தார்கள். பின்சீட்டில் இருந்த வேட்டியில் கடைப் பையின் சாயம் ஏறி இளஞ்சிவப்பாகிவிட்டது. வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. அதைத்தான் கட்டிக்கொண்டார். மேரிக்குப் புதுக் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது வெண்டிக்காய்க்குத்தான் ஆவும்" என்றார். அவரையே கடைக்கு அழைத்துப் போய் வேறு வாங்கினேன்.

தீபாவளியன்று சம்பந்தி வீட்டார் எல்லோரும் எங்கள் வீட்டில். ஹாலில் நாங்கள் பழையபடிதான்… "உக்காருங்க சம்பந்தி." "இருக்கட்டும் சம்பந்தி." என் மகள் திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு பத்மா தட்டை டப்பாவை எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"அந்தப் புடவையை நல்ல நாளைக்குக் கட்டணும்னு பத்திரமா வெச்சிருந்தேன்டி" என்றார். "அதை விடு. அன்னிக்கு சப்வேல எறங்கறதுக்கு முன்னாடி, வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன் கார். நீ ஓட்டுற. நான் எப்படிச் சொல்றது? உனக்குத்தான் பயமே இல்லையே."

"பயமில்லையா? மனசுக்குள்ள சாமியைக் கூப்பிட்டுட்டு இருந்தேன். நீதான டெய்லர் கடையைப் பூட்டிடுவார்னு சொன்ன? சம்பந்தி பேச்சைத் தட்டக் கூடாதேன்னு எறங்கினேன்."

ஆக, அந்த சப்வேக்குள் போக விரும்பியவர் அந்தக் காரில் ஒருவர்கூட இல்லை.