கோவிந்தா செம்பில் நுரை

பதினைந்து வயதில் எனக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் எங்களைவிட ஒரு தலை உயரம், பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். அவன் வீட்டில் அப்பாவே ஒரு மடக்கு கள் ஊற்றிக் கொடுத்துச் சிரிப்பாராம். இன்னொருவன் அவனுக்கு எடுபிடி. எங்கள் நைனா அதிகம் பேசமாட்டார். “அந்தப் பசங்களோட சுத்திக்கினு இருந்தே, பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு ஏர் புடிக்க வந்துரு” என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

ஆந்திரா தனி ராஜ்யமான புதிது அது. வடமாலபேட்டைப் பக்கத்து டீக்கடைகளில், நாம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தினம் சண்டை. எந்தப் பக்கம் போனாலும் கள்ளுக்குத் தடைதான். ரோட்டில் போலீஸ்காரர் பையைப் பிரித்துப் பார்ப்பார்.

திருப்பதி சாமியைக் கும்பிடுகிற வீடுகளில் புரட்டாசிச் சனிக்கிழமை விரதமிருந்து, நாமம் போட்ட செம்போடு வீடு வீடாகப் போய்க் கோவிந்தா சொல்லி அரிசி வாங்குவோம். அந்த வருடம் எங்கள் வீட்டுச் செம்பு என் கையில். கடைசிச் சனிக்கிழமை காலை, நெட்டையன் அதையே உற்றுப் பார்த்தான்.

“இத எந்தப் போலீசுடா தொறந்து பாப்பான்? கன்னத்துல போட்டுக்கினு வழி வுடுவான்.”

ஈச்சந்தோப்பில் திருட்டுத்தனமாக இறக்குகிற கள்ளை, ரோட்டைத் தாண்டி மாந்தோப்புக்கு நான் தூக்கி வரவேண்டுமாம். கள் வாடையே எனக்குக் குமட்டும். அதுவும் சாமி செம்பில்! “ஏமிரா, பயமா?” என்றான் எடுபிடி. அவ்வளவுதான், செம்பை நீட்டிவிட்டேன். முட்டாள் என்றால் என்னைப் போல முட்டாள் உண்டா?

நெட்டையன் கள்ளின் மேலே துளசியைப் பரப்பினான். போலீஸ்காரர் நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரோட்டைத் தாண்டி மூச்சு விட்டேன். அதற்குள் எங்கள் தெரு அத்தை ஒருத்தி முறத்தோடு ஓடி வந்தாள்.

“எங்க வூட்டத் தாண்டிப் போறியேடா, இரு!”

நான் கையால் மூடுவதற்குள் இரண்டு கை அரிசி செம்புக்குள் விழுந்தது. புஸ்ஸென்று நுரை கிளம்பி, துளசியைத் தள்ளிக்கொண்டு நாமத்தின் மேல் வழிந்தது.

“கோவிந்தா! செம்பு பொங்குதே!” என்று அத்தை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். அப்புறம்தான் வாடை மூக்கில் ஏறியது. “அடப்பாவி, இன்னாடா இது!”

திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே வந்த கூட்டாளிகளைக் காணோம். அத்தை நைனாவிடம் சொல்ல நேராக எங்கள் கழனிக்கு நடந்தாள்.

கள்ளைக் கால்வாயில் கொட்டி, செம்பைப் புளி போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன். அடிக்கு நான் பயப்படவில்லை. பள்ளிக்கூடம் போய்விடும். ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நைனா சேற்றுக் காலோடு வந்தார்.

“குடிச்சியா?”

“இல்ல நைனா. தூக்கினு மட்டுந்தான் வந்தேன்.”

“ஊது.”

ஊதினேன். அவர் முகம் அவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது. ஒரு முறை மோந்தார், மறுபடியும் மோந்தார். பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வெறும் வயித்து வாடதான் வருது” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஒன் வயசுல நா குடிச்சேன்டா. எங்க நைனா ஒரு நாளும் கேக்கல. சரி, இஷ்டமில்லன்னா ஏன்டா தூக்கினே?”

“மாட்டேன்னு சொல்ல முடில நைனா.”

காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டினார். “அப்ப அவனுங்க கூப்ட்டா பழிய என் மேல போட்டுடு. எங்க நைனா தினம் வாய மோந்து பாக்கறாரு, தெரிஞ்சா கொன்னுருவாருன்னு சொல்லு. நா கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்.”

“பள்ளிக்கூடம்?”

“திங்கக்கெழம போ. மொதல்ல போய்த் துன்னு.”

அப்பாடா! வாய்விட்டு அழுதேன். அன்றைக்குத் தின்ற சோற்றுக்குக் கணக்கே இல்லை.

அடுத்த வாரமே நெட்டையன் மாந்தோப்புக்குக் கூப்பிட்டான். நைனா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். “பாவம்டா நீ” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க எங்கள் நைனாவுக்கு எமன் என்று பேர் வைத்தார்கள்.

அந்த எமன் அப்புறம் ஒரு நாள்கூட என் வாயை மோந்து பார்க்கவில்லை.