புளியங்கொட்டைப் பசை

சித்தூரில் எனக்குக் கடைப் பலகை எழுதுகிற பிழைப்பு. எங்கள் ஊர் ஆந்திராவுக்கா, சென்னைக்கா என்று பேச்சு நடந்த வருஷங்கள் அவை. கடைக்காரர்கள் தமிழில் எழுதச் சொல்வார்கள். மறுமாதமே அதை அழித்துத் தெலுங்கில் எழுதச் சொல்வார்கள். அழிக்கிறேன் பேர்வழி என்று வெள்ளை அடித்தால், அடியிலிருந்து பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். அதன்மேல் காவி, அதன்மேல் இன்னொரு பூச்சு. ஒரு மண்டிப் பலகை இப்படியே எந்த மொழியிலும் படிக்க முடியாததாகிவிட்டது. முதலாளி திட்டினார். நானோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உருவமில்லாத படம் போடுகிற கிறுக்கு அன்றைக்குப் பிடித்ததுதான்.

பிறகு டப்பா பெயிண்ட் எனக்கு ருசிக்கவில்லை. செம்மண் குழைத்தேன், விளக்குக் கரி வழித்தேன், மஞ்சள் அரைத்தேன். புளியங்கொட்டையைக் காய்ச்சிப் பசையாக்கி, அதில் கலந்து, நகரி ஊர்த் தறியில் நெய்த முரட்டுத் துணியில் பூசினேன். காய்ந்தால் வெடித்தது. வெல்லம் சேர்த்தேன், வெடிக்கவில்லை. அதற்கு எனக்கு வந்த கர்வம் கொஞ்சமல்ல.

"துன்றதெல்லாம் துணியில பூசிக்கினு இருந்தா கொழம்புக்கு இன்னாய்யா பண்றது?" என்பாள் மனைவி.

"துணியக் கரைச்சு ஊத்து" என்பேன்.

திருப்பதியில் ஒரு சத்திரத்தில் கண்காட்சி. முதல் தடவையாக என் படத்தையும் மாட்ட ஒத்துக்கொண்டார்கள். ஆளுயரப் படம், ஒரு கோடை முழுக்க அதற்கே போனது. பஸ் கூரையில் வந்தபோது தூறலில் பசை இளகிவிட்டது. காயட்டும் என்று சத்திரத்து வாசலில் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பினால் ஒரு பசு படத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் மூலையைக் காணோம். வெல்லம் தூக்கலாக விழுந்த இடமாகப் பார்த்துப் போனது நாக்கு. கத்திக்கொண்டே கையை ஓங்கினேன். திருப்பதியில், நடுத்தெருவில், நெற்றியில் குங்குமம் வைத்த பசுமேல்! கூட்டம் கூடிவிட்டது.

"ஏமய்யா, இதுல விஷம் உந்தா?" ஒரு பெரியவர் என் தோள் துண்டைப் பிடித்தார்.

இருக்கிறது என்றால் என் தோலை உரிப்பார்கள். இல்லை என்றால்?

"விஷமெல்லாம் இல்லீங்க. புளியங்கொட்டை, வெல்லம், மஞ்சள்..."

"அப்ப இன்னாத்துக்குக் கத்துறே?" என்றாள் கூட்டத்தில் நின்ற ஒரு பூக்காரி. "வாயில்லாத ஜீவன், பசியில துன்னுது. துன்னட்டும் வுடு."

"அது படம்மா. சாயங்காலம் உள்ள மாட்டணும்."

"எங்க படம்? சாமி இருக்குதா அதுல? மனுசனாவது இருக்கானா?"

ஒரு முருகன் மூக்கையாவது போட்டு வைத்திருக்கலாம். தப்பித்திருப்பேன்.

பெரியவர் சட்டத்தைத் தடவினார். "ஆணி நீட்டிக்கினு இருக்குதே! நாக்குல குத்தப் போவுது. ஆடாம புடி."

பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து படம் தெரியவில்லை. சரக் சரக்கென்ற சத்தம் மட்டும் கேட்டது. நாக்கு அழுத்தும்போதெல்லாம் துணி உப்பி என் வயிற்றில் இடித்தது.

"கொஞ்சம் சாச்சுப் புடிய்யா, அதுக்கு எட்டல" என்றாள் பூக்காரி.

சாய்த்துப் பிடித்தேன்.